கேரியர் இல்லாத முப்பது சைக்கிள்கள்

புன்னமேட்டுக்குப்பத்தில் அமுதவல்லியோடு யாரும் பேசி இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. பேசக்கூடாது என்பது ஊர்க்கட்டு. பேசினால் அபராதம், கடையில் சாமான் கொடுத்தால் அபராதம், ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் அபராதம். கல்யாணத்துக்கும் கூப்பிடக்கூடாது, சாவுக்கும் போகக்கூடாது. இதையெல்லாம் கோயில் வாசலில் மைக் வைத்து அறிவித்தவர் ஊர்த் தலைவரான நாட்டார் நீலமேகம். வேறு யாரோ அல்ல, அமுதவல்லியின் புருஷன் முத்துராஜுக்குச் சித்தப்பா மகன்தான். அதற்கு முந்தின வாரம் வரை அவளை வாய் நிறைய ‘அண்ணி’ என்று கூப்பிட்டு, அவள் வீட்டு இறால் தொக்கை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

அவள் செய்த குற்றம், ஊரைக் கேட்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது.

ஏரியில் வலை கட்டுவதற்கென்று இருக்கும் இடங்களைப் பாடு என்பார்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பாடு, எந்த நாளில் என்று வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு முடிவாகும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் சீட்டு, சீட்டு எடுத்தால்தான் ஏரி. முத்துராஜ் பைக்கிலிருந்து விழுந்து, காலில் கம்பி வைத்து, ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தான். அந்த வருஷம் அவன் பெயரை அடித்துவிட்டு நீலமேகத்தின் மைத்துனன் பெயரை எழுதினார்கள். கால் போனாலும் பாடு கையில் இருந்தால் பங்குக்கு ஆள் வைத்து வலை கட்டிப் பிழைக்கலாம். அதையும் பிடுங்கிக்கொண்டால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? அமுதவல்லி மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் கட்டு விழுந்துவிட்டது.

முத்துராஜ் இடிந்து போனான். பேச்சுக்கு ஏங்குகிற ஆள் அவன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசாமல் எழுந்திருக்க மாட்டான். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அமுதவல்லிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது, அழுகை மட்டும் வரவில்லை.

அழுதுகொண்டிருந்தால் உலை கொதிக்குமா? கோட்டைக்குப்பத்தில் மீன் எடுத்துக் காட்டூர்ப் பக்கம் விற்கலாம் என்று அவள் கிளம்பினாள். ஆட்டோவில் ஏற்ற மாட்டார்கள். முப்பத்தெட்டாவது வயதில் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, கேரியரில் தெர்மாகோல் பெட்டியைக் கட்டி, ஓட்டக் கற்றுக்கொண்டாள். தார் ரோடு ஊருக்கு நடுவே போகிறது. அங்கே போனால் பொடிப்பயல்கள் வரை காறித் துப்பினார்கள். ஊரைத் தாண்டினாலோ பக்கத்துத் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் பறித்த குழிகள். ஒரு குழியில் விழுந்து எழுந்தால் ஐஸ் நொறுங்கி மீன் கூழாகிவிடும். அதனால் பின்பக்கம் சவுக்குத் தோப்புக்குள் இறங்கினாள்.

முதல் மாதம் விழாத நாளில்லை. நாற்பது கிலோ பெட்டி பின்னால் இருக்கும்போது சட்டென்று பிரேக் பிடித்தால் பெட்டி ஒரு பக்கம் போகும், சைக்கிள் ஒரு பக்கம் போகும். ஆகவே பிரேக்கே பிடிக்காமல் போகிற மாதிரி வழியைத் தேடினாள். இந்த வளைவில் வந்த வேகம் அடுத்த மேட்டில் ஏற உதவ வேண்டும், மேட்டில் குறைந்த வேகம் இறக்கத்தில் திரும்பக் கிடைக்க வேண்டும். வேர் துருத்திய இடத்தை ஒதுக்கினாள், மணல் இளகிய இடத்தில் சவுக்குச் சருகை வாரிப் போட்டு மேலே கிளிஞ்சலைக் கொட்டினாள். பயந்து ஓட்டிய காலத்தில் மணல் மேடுகளைச் சுற்றிக்கொண்டு போனாள். கை பழகிய பிறகு மேட்டின் மேலேயே ஏற்றி, அந்தப் பக்கம் சர்ரென்று இறக்கினாள். அதனால் தோப்புக்குள் பல இடங்களில் தடம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. ஒன்று பழைய அமுதவல்லி போன வழி, இன்னொன்று இப்போதைய அமுதவல்லி போகிற வழி. இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஊரில் யாருக்கும் அக்கறையில்லை.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து சுபஸ்ரீ வந்தாள். அவளுடைய சைக்கிள் குழுவில் முப்பது பேர். அதில் போட்டிக்குப் போகிறவர்களும் உண்டு, போன மாதம் ஓட்டக் கற்றுக்கொண்ட பாங்க் அதிகாரியும் உண்டு, பத்து வயசுப் பெண்ணும் உண்டு. எல்லாரும் மலையில் ஓட்டும் தடித்த டயர் சைக்கிள் வைத்திருந்தார்கள், மலைதான் பக்கத்தில் இல்லை. புதுசாய் ஓட்டுகிறவர் விழக்கூடாது, பழகினவர் கொட்டாவி விடக்கூடாது, தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அப்படி ஒரு மண் தடம் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தாள். நீலமேகம் அவளைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் முப்பது பேர் வந்தால் சாப்பாடு இருக்கிறது, படகு சவாரி இருக்கிறது, பேப்பரில் படம்கூட வரலாம். “நம்ம ஊர்ல இல்லாத வழியாம்மா?” என்று மார் தட்டினார்.

ஊர்ப் பையன்கள் காட்டிய முதல் வழியில் டயர் பாதி மணலுக்குள் போயிற்று. இரண்டாவது வழியில் கருவேல முள் பதினோரு பஞ்சர் கொடுத்தது. மூன்றாவது ஏரிக்கரைச் சேறு. மேலே காய்ந்த பொருக்கு, உள்ளே களி. சுபஸ்ரீயை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. நான்காவது வாரம் அவள் யாரையும் கூப்பிடாமல் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, தோப்புக்குள் விரல் அகலத்துக்கு ஒரு டயர் கோடு கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். மூன்று கிலோமீட்டர் தாண்டும்வரை அவள் கை பிரேக்கைத் தொடவில்லை.

தடத்தின் முடிவில், தன் வீட்டு வாசலில், அமுதவல்லி பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த வழி யார் போட்டது? எத்தனை பேர்?”

“வழின்னு யாரு சொன்னா? நான் போறேன், அது பின்னாலயே வருது.”

“இல்லக்கா, ரெண்டு ரெண்டா பிரியுது பாருங்க. ஒண்ணு கத்துக்கிறவங்களுக்கு, ஒண்ணு நல்லா ஓட்டறவங்களுக்கு. இதைத்தான் நான் ஆறு மாசமா தேடறேன். எங்க ஆளுங்க இதுல வரலாமா?”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தன் வாசலில் நின்று ஒருத்தி பேசுகிறாள் என்ற சந்தோஷம் அமுதவல்லிக்கு வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். கூட்டி வந்தவன் யாரென்று அவளுக்குத் தெரியும். “உன்ன இட்டுகினு வந்தவன் இருக்கிறானே, அவனப் போயி கேளு. ஊர்ல கேக்காம நான் ஒண்ணும் செய்யக்கூடாதாம்” என்று சொல்லிவிட்டுக் கழுவின தண்ணீரை வீசி ஊற்றினாள். சுபஸ்ரீயின் ஷூ நனைந்தது.

மறுநாள் நீலமேகம் வந்தார். அவளோடு பேசினால் அவரே போட்ட கட்டின்படி அவருக்கே அபராதம். அதனால் அவள் வீட்டு வாசலில் இருந்த கைப்பம்பைப் பார்த்து நின்றுகொண்டார். எதிர்வீட்டுப் பெண்கள் துணி உலர்த்துகிற சாக்கில் வெளியே வந்தார்கள்.

“தோப்பு வழிய விருந்தாளிங்களுக்கு உட்டுக் குடுத்து, சாமி வாசல்ல விழுந்து ஒரு மன்னிப்பும் கேட்டுக்கினா, கட்டு எடுத்துடலாம்னு ஊர்ல பேசிக்கினோம்” என்று பம்பிடம் சொன்னார்.

அமுதவல்லி மீன் பெட்டியின் பக்கம் திரும்பினாள். “பெட்டியே, கேட்டியா? வழி வேணும்னா பாடுப் பட்டியல்ல எம் புருஷன் பேர சேக்கச் சொல்லு. மன்னிப்பு கின்னிப்புலாம் என்னாண்ட கிடையாது.”

எதிர்வீட்டில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். நீலமேகத்தின் காது சிவந்தது. பம்பை முறைத்தபடியே சொன்னார்.

“பேரு சேக்கலாம். புதுப் பேரா சேத்தா கடைசியிலதான் வரும். அண்ணன் மேல இருக்கிற கட்டும் எடுத்துடலாம். ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சவளுக்கு மட்டும் அது அப்படியேதான் இருக்கும்.”

“பேரு வந்தாப் போதும்னு சொல்லு பெட்டியே. இவனுங்க பேச்சு யாருக்கு வோணும்?”

“சாமி மேல சத்தியம். இந்த வருஷப் பட்டியல்ல முத்துராஜ் பேரு இருக்கும்.”

அதைச் சொல்லிவிட்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முத்துராஜின் பக்கம் திரும்பி, “இன்னாண்ணா, சாப்டியா?” என்றார். “சாப்ட்டேன் தம்பி, நீ சாப்டியா?” என்று முத்துராஜ் எழுந்திருக்கப் பார்த்து, தடி நழுவி மறுபடி உட்கார்ந்தான். ஒரே ஒரு ‘சாப்டியா’வுக்கு இந்த மனுஷன் இப்படி உருகுகிறானே என்று அமுதவல்லிக்கு அவன் மேலேயே ஆத்திரம் வந்தது. அவன் அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போய் இருட்டின பிறகுதான் வந்தான். முகம் புதுசாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி. அன்றைக்கே சீட்டும். சீட்டு எப்போதும் சாயங்காலம்தான். சனிக்கிழமை நீலமேகம் ஒரு பச்சை மினுமினு சட்டையும் ஒரு விசிலும் கொண்டுவந்து முத்துராஜிடம் கொடுத்தார். நடுத்தோப்பில் தடம் பிரிகிற இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, புதியவர்களைச் சுற்றுவழியிலும் பழகினவர்களை மேட்டு வழியிலும் அனுப்ப வேண்டுமாம். சுபஸ்ரீ கேட்டாளாம். “உன்ன உட்டா யாருண்ணா இருக்காங்க? நானே பைக்ல கொண்டுபோய் வுடறேன்” என்றார். முத்துராஜ் அந்தச் சட்டையை ராத்திரியே போட்டுப் பார்த்தான்.

காலை எட்டு மணிக்கு நீலமேகத்தின் பைக் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. அமுதவல்லி சவாரியைப் பார்க்கப் போகவில்லை. தன் வழியில் முப்பது பேர் போவதை நின்று பார்க்க அவளுக்குப் பொறுமை கிடையாது. மீன் எடுக்கவும் போகவில்லை. பெட்டியை அவிழ்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒன்பது மணிக்குக் கோயில் மைக் கரகரத்தது.

“விருந்தாளிங்க சாயங்காலம் போட்ல போறதால, பாடு சீட்டு இப்பவே போடறோம். தலைக்கட்டுங்க, வூட்டுக்கு ஒருத்தரா, கோயில் வாசலுக்கு வரவும். பேரு கூப்ட்டா ஆளு நேர்ல வந்து தன் கையால எடுக்கணும். மூணு தரம் கூப்ட்டு வரலன்னா, இந்த வருஷம் பாடு கிடையாது.”

அமுதவல்லிக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. நீலமேகம் சத்தியத்தை மீறாமலேயே கழுத்தை அறுக்கிறான். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள்தான் இருக்க மாட்டான். பேச்சுக்கு ஏங்கின மனுஷனுக்கு ஒரு விசிலைக் கொடுத்துத் தோப்பு நடுவில் உட்கார வைத்துவிட்டான். அரிசியைப் போட்டது போட்டபடி கோயிலுக்கு ஓடினாள். வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் மட்டும்தான் போகலாம், சீட்டில் பெண் வாயைத் திறக்கக்கூடாது.

பித்தளைக் குடத்தைச் சுற்றி ஆண்கள் நின்றிருந்தார்கள். பன்னிரண்டாவது பெயர் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் ஐம்பத்தொன்பது பெயர், முத்துராஜ் கடைசி.

“என் வூட்டுக்காரர தோப்புல உட்கார வெச்சிட்டு இங்க சீட்டு போடறீங்களே, இது உங்களுக்கே அடுக்குமா?” என்று கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை. கட்டு அப்படி. பின்னால் நின்ற ஒரு கிழவர் மட்டும் தரையைப் பார்த்தார். நீலமேகம் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே வைத்துக்கொண்டு பதின்மூன்றாவது பெயரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு ஓடி சைக்கிளை எடுத்தாள். நடுத்தோப்புக்கு இரண்டு கிலோமீட்டர்.

பெட்டி இல்லாமல் அவள் அந்த வழியில் ஓட்டியதே கிடையாது. சைக்கிள் கையில் நிற்காமல் பறந்தது. முதல் மேட்டில் ஏறி இறங்கும்போது இரண்டு சக்கரமும் தரையை விட்டன. பயப்பட நேரமில்லை. மைக்கில் பெயர்கள் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே வந்தன. பத்தொன்பது, இருபது என்று எண்ணிக்கொண்டே மிதித்தாள்.

எதிரில் சவாரிக்காரர்கள் வந்தார்கள். வண்ண வண்ணத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஒருவர் பின்னால் ஒருவர், ஆற அமர. “ஓரம் போங்க! ஓரம்!” என்று கத்தினாள். அவர்களுக்கு ஓரம் எது என்று தெரியவில்லை. தெரிந்தவள் அவள்தான். புதியவர்கள் சுற்றுவழியில் வருவதைப் பார்த்து மேட்டு வழியில் ஏறினாள். மேட்டில் பழகினவர்கள் வருவதைக் கண்டதும் சுற்றுவழிக்கு இறங்கினாள். பாங்க் அதிகாரி அவளைப் பார்த்த அதிர்ச்சியில் தானாகவே புதரில் போய் உட்கார்ந்தார். பத்து வயசுப் பெண் மட்டும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அழகாக ஒதுங்கி நின்றாள்.

தடம் பிரிகிற இடத்தில் முத்துராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சுபஸ்ரீ.

“இன்னா அமுதா, நீயும் சவாரியா?”

“சீட்டு போடறானுங்க. ஏறு.”

“சீட்டு சாயங்காலம்தானே?”

“உன் தம்பி உனக்கு எதுக்கு விசில் குடுத்தான்னு நினைச்சே? ஏறுய்யா!”

அவன் முகத்தில் இருந்த புதுசெல்லாம் வடிந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. சுபஸ்ரீக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் அவசரம் புரிந்தது. “என் சைக்கிள் வேகமா போகும், இவரை நான் கூட்டிட்டுப் போறேன்” என்று முன்வந்தவள், தன் சைக்கிளைப் பார்த்துவிட்டு நின்றாள். கேரியர் இல்லை. மொத்தம் முப்பது சைக்கிள், ஒவ்வொன்றும் ஒரு மோட்டார் பைக் விலை. ஒரு மனுஷனை உட்கார வைக்க ஒன்றிலாவது இடம் இருந்ததா என்றால், இல்லை. என்ன சைக்கிளோ!

முத்துராஜ் அமுதவல்லியின் கேரியரில் உட்கார்ந்து, கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டான். அறுபது கிலோ இருப்பான். நாற்பதுக்குப் பழகிய கால்கள் முதல் மிதியில் நடுங்கின.

“அந்தப் பீப்பிய சும்மா வெச்சிருக்கியே, ஊது! அவங்க ஒதுங்கட்டும்.”

அவன் ஊதினான். இரண்டு வருஷம் மூடிக்கிடந்த வாயில் சேர்ந்திருந்ததெல்லாம் அந்த விசிலில் வந்தது. சவாரிக்காரர்கள் ஆம்புலன்ஸ் வருகிறதென்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பக்கமும் தோப்புக்குள் இறங்கி வழி விட்டார்கள். பிரேக் பிடிக்காமல் போக அவள் போட்ட வழி அன்றைக்கு அவளைக் கைவிடவில்லை. ஒரு வளைவின் வேகம் அடுத்த மேட்டில் ஏற்றியது. கடைசி மேட்டில் மட்டும் பாரம் பின்னுக்கு இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நீலமேகத்தின் கழுத்து மிதிபடுவதாக நினைத்து மிதித்தாள். ஏறிவிட்டது. மைக் மறுபடி காதில் விழுந்தது. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. நீலமேகம் இப்போது ஆள் வந்து சேருவதற்குள்ளேயே அடுத்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.

“முத்துராஜ்... முத்துராஜ், ரெண்டாந்தரம்...”

“இங்க கீறேன்! கீறேன்டா!” என்று முத்துராஜ் கேரியரிலிருந்தே அலறினான்.

சைக்கிள் கயிற்றை அறுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குள் போய்த்தான் நின்றது. அவள் வேண்டுமென்றே நிறுத்தவில்லை. கூட்டம் சிதறி ஒதுங்கியது. நீலமேகத்தின் வாய் மூன்றாந்தரம் சொல்லத் திறந்தபடியே இருந்தது. முத்துராஜ் தடியில்லாமல் இறங்கி, நடு வாசலில் விழுந்தான். தூக்க ஒருவரும் வரவில்லை. அமுதவல்லியும் தூக்கவில்லை. தான் தொட்டால் ‘பொம்பளை எடுத்த சீட்டு’ என்று நாக்கைப் புரட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் கையை ஊன்றித் தவழ்ந்தே குடத்தண்டை போனான். பச்சைச் சட்டை முழுக்க மணல். குடத்துக்குள் கையை விட்டான்.

மிச்சம் இருந்தது ஒரே சீட்டு. அதை எடுத்து உயர்த்திக் காட்டினான். பின்னால் நின்ற கிழவர், யாரும் கேட்காமலே, “எடுத்துட்டான், எழுதுங்கப்பா” என்றார். பட்டியல் எழுதுகிறவர் நீலமேகத்தைப் பார்க்காமல் எழுதினார்.

எந்தப் பாடு, நல்ல இடமா கெட்ட இடமா என்று அமுதவல்லி கேட்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சந்தோஷம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஒரு மனுஷனைத் தவழ வைத்து வேடிக்கை பார்த்த ஐம்பத்தெட்டு பேரையும் ஒவ்வொருவராக நின்று பார்த்தாள். யாரும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. முத்துராஜும் எழுந்து நின்று, அவர்களில் ஒருவரோடும் பேசாமல், அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான்.

தோப்புப் பக்கமிருந்து சவாரிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இப்படியொரு வழியைப் பார்த்ததே இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அறுபது பேர் வரலாமா என்று சுபஸ்ரீ கேட்டாள். கேட்டது நீலமேகத்தை இல்லை, அமுதவல்லியை. அறுபது என்ற சொல் நீலமேகத்தின் காதில் விழுந்தது. கட்டு, அபராதம், மைக் எல்லாவற்றையும் மறந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணி... வரச் சொல்லுங்க அண்ணி. ஊருக்கு நல்லது.”

அமுதவல்லி சைக்கிளைத் திருப்பினாள். முத்துராஜைக் கேரியரில் ஏற்றி உட்கார வைத்தாள்.

“அது எம் மீனு போற வழி” என்றாள். “உங்க ஆளுங்களுக்கு ரோடு கீது.”